முகம் தெரியாத காசு

பாண்டிச்சேரி உப்பளத்துக் கூரியர் ஆபீசுக்குள் வினோதா காலெடுத்து வைத்தாலே போதும், அங்கிருக்கும் கிளார்க்கு எழுந்துபோய் ஃபேனைக் கூட்டி வைப்பார்.

"என்னாம்மா, இன்னிக்கு வஞ்சிரமா, சுறாவா?" என்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே கேட்பார்.

"மூணு சுத்து பிளாஸ்டிக், அதுக்கு மேல சாக்கு, அதுக்கும் மேல அட்டப் பெட்டி. இதையும் தாண்டி வாசன வருதுன்னா அது உங்க ஆசதான் சார்."

அவர் சிரித்துவிட்டு எடை போடுவார். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடத்தில் கருவாட்டை இன்டர்நெட்டில் விற்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால் ஊர் சிரிக்கத்தான் செய்தது. அவள் குப்பமான வம்பாகீரப்பாளையமே சிரித்தது. ஆனால் பிரவுசிங் சென்டர் கமலக்கண்ணன் சிரிக்கவில்லை. அவன்தான் அவள் காயவைத்த கருவாட்டைப் போட்டோ பிடித்து, விலை போட்டு, விற்பனைத் தளம் ஒன்றில் ஏற்றிவிட்டான். ஒரே மாதத்தில் டெல்லியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஆர்டர் வந்தது. "இந்த வாசனைக்காக எத்தனை வருஷமா ஏங்கிட்டிருந்தேன்" என்று யாரோ ஒரு ராணுவக்காரர் எழுதியிருந்ததைக் கமலக்கண்ணன் வாசித்துக் காட்டியபோது, வினோதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏக்கம் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம்கூட முழுதாகக் குடித்தனம் நடத்தவில்லை, அதற்குள் புருஷோத்தமன் பஹ்ரைனுக்கு மீன்பிடிக்கப் போய்விட்டான். இங்கே சொந்தப் படகு இல்லை, அங்கே அரபி முதலாளியின் படகு. போய் நான்கு வருடமாகிறது. இன்றைக்கும் குழம்பு வைத்தால் மீன் தலையை அவனுக்கென்று தனியாக எடுத்து வைப்பாள். பிறகு நினைப்பு வந்து, தன்னையே திட்டிக்கொண்டு, அதைத் தானே தின்பாள். பைத்தியக்காரி என்றுதான் யாரும் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

விசாவுக்கென்று முதலாளி செலவழித்த பாக்கியைக் கட்டி, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தால் முதலாளி அவனை விட்டுவிடுவான். அந்தப் பணத்தைத்தான் வினோதா கருவாட்டில் சேர்த்துக்கொண்டிருந்தாள். மாசி மகத்துக்கு முன்னால் கட்டியாக வேண்டும்.

"இந்த மகத்துக்கு வைத்திக்குப்பம் கடலோரத்துல ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறோம் வினோ. சாமி பாக்குறோம், பஜ்ஜி துன்றோம்" என்று போனில் சொன்னான் புருஷோத்தமன்.

"நீ மொதல்ல வந்து சேருய்யா. பஜ்ஜி நான் போட்டுத் தரேன்" என்றாள்.

அந்த வாரத்தில்தான் தணிகாசலம் என்று ஒருவன் போன் செய்தான்.

"அக்கா, நான் புனாலேர்ந்து பேசுறேன். நமக்குக் கடலூருதான். இங்க தமிழ்ச் சங்கத்துல விழா வச்சிருக்கோம். நம்ம ஊரு கருவாடு வேணும்னு எல்லாரும் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

வினோதாவுக்கு அவன் பேச்சே போதுமாயிருந்தது. பாண்டிக்காரியின் காதுக்குக் கடலூர்ப் பேச்சு பக்கத்து வீட்டுப் பேச்சு. அதோடு விட்டானா? "ஊர வுட்டு வந்து ஆறு வருஷமாச்சுக்கா. கருவாட்டுக் கொழம்ப நெனச்சா கண்ணு கலங்குது" என்றான். இவள் உடனே தன் கதையையும் கொட்டிவிட்டாள். பஹ்ரைன், விசா பாக்கி, மாசி மகம், எல்லாம். கருவாட்டு விலையைப் போடச் சொல்லித் தன் பேங்குக் கணக்கு நம்பரையும் கொடுத்தாள். தூண்டிலைப் போட்டவனுக்கு இரையையும் இவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் அவனே மீண்டும் கூப்பிட்டான். குரலில் பதற்றம்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. எங்க பொருளாளர் உங்க காசோட சேத்து, பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் போவ வேண்டிய காசையும் உங்க கணக்குலயே போட்டுட்டாரு. கொஞ்சம் எடுத்து அவங்க கணக்குல கட்டிடுறீங்களா? விழா நின்னுபோயிடும்கா."

பேங்கில் விசாரித்தால் உண்மைதான். கருவாட்டின் விலையைப் போலப் பத்து மடங்கு வந்து கிடந்தது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். வினோதா யோசிக்கவில்லை. அதற்குக் காரணம் பேராசை இல்லை. அவள் வளர்ந்த கடற்கரையின் பழக்கம் அது. அங்கே காலையில் மீன் ஏலம் முடிந்ததும், விழுப்புரத்து வியாபாரி ஐந்து பெண்களுக்குக் கொடுக்க வேண்டிய காசை ஒருத்தி கையிலேயே கொடுத்துவிட்டு வண்டியேறுவான். அவள் வீட்டுக்குப் போகுமுன் மற்ற நால்வருக்கும் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். அடுத்தவள் காசை மடியில் வைத்துக்கொண்டு உலை வைப்பவளை அந்தக் கரை மதிக்காது. போதாக்குறைக்கு இது பாண்டிச்சேரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பங்களுக்குக் கடல் கடந்து மாதாமாதம் பென்ஷன் வந்து விழுகிற ஊர். தூரத்திலிருந்து காசு வருவது இங்கே யாருக்கும் அதிசயம் இல்லை.

ஆகவே அன்றைக்கே வெயிலில் நடந்துபோய், பணத்தை எடுத்து, அவன் சொன்ன இரண்டு கணக்கிலும் கட்டிவிட்டு வந்தாள். தன் பங்குக்கு மேல் ஒரு பைசா தொடவில்லை. பெரிய மூட்டையாகக் கருவாட்டையும் அனுப்பி வைத்தாள். அடுத்தவர் விழா நிற்காமல் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு ஒரே திருப்தி.

அடுத்த வாரம் டிராவல்ஸ்காரர் டிக்கெட்டுக்குப் பணம் கேட்டார். வினோதா நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு பேங்குக்குப் போனாள். புருஷனை அழைத்து வருவதற்கான பணம் அல்லவா, கசங்கிய புடவையில் போய் எடுக்க மனம் வரவில்லை.

கவுண்டரில் சீட்டை நீட்டினாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், வினோதாவைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போனாள். பிறகு அதிகாரி பலராமன் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார்.

"உங்க கணக்க முடக்கி வச்சிருக்கும்மா. எடுக்கவும் முடியாது, போடவும் முடியாது. சூரத் போலீஸ்லேர்ந்து கடிதம் வந்திருக்கு."

"சூரத்தா? நான் விழுப்புரத்தத் தாண்டுனது இல்லியே சார்!"

"நீங்க தாண்டல. உங்க கணக்கு தாண்டியிருக்கு. அங்க ஒருத்தரு, உங்கள மாதிரிதான், நெட்டுல சேல விக்கிறவரு. பேங்க்லேர்ந்து பேசுறோம்னு சொல்லி எவனோ அவருகிட்ட பாஸ்வேர்ட வாங்கிட்டான். கணக்கையே தொடச்சி எடுத்துட்டான். அந்தக் காசுதான் உங்க கணக்குக்கு வந்துட்டு, வேற எடத்துக்குப் போயிருக்கு. அனுப்பினது யாரு? உங்க கையி."

வினோதா அவசரமாகக் குறுக்கிட்டாள். "அது சங்கத்துக் காசு சார். தப்பா வந்துதுன்னு சொன்னாரு."

"தப்பா வந்திருந்தா எங்ககிட்ட சொல்லியிருக்கணும்மா. வந்த கணக்குக்கே நாங்க திருப்பி அனுப்பியிருப்போம். நீங்க எவனோ சொன்ன கணக்குல கொண்டுபோய்க் கட்டிட்டீங்க. திருடனே கட்டியிருந்தா மாட்டிப்பான். அதான் உங்கள வச்சிக் கட்டியிருக்கான்."

"அப்போ நான் சேத்த காசு? அது என் கருவாட்டுக் காசு சார். எம் புருஷன் வரணும் சார்."

பலராமன் கெட்டவர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். "போலீஸ்ல எழுதிக் குடுங்க. விசாரிச்சுட்டு விடுவாங்க. மாசக்கணக்கா ஆவும்" என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அங்கிருந்து கடல் தெரியாது, ஆனால் காற்று வரும். நான்கு வருடம் வைராக்கியமாக யார் முன்னாலும் வாய்விட்டு அழாமல் இருந்தவள், போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதாள். காவல் நிலையத்துக்குப் போகப் பயம். கரையில் சொல்ல வெட்கம். நெட்டில் வியாபாரம் செய்கிறாளாம் என்று ஏற்கெனவே சிரித்த ஊர். யார் கேட்டாலும் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்தாள். பிறகு கூரியர் கிளார்க்கு கூப்பிட்டனுப்பினார். அவள் அனுப்பிய கருவாட்டு மூட்டை திரும்பி வந்திருந்தது. புனாவில் அந்த விலாசத்தில் சங்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

பக்கத்து வீட்டு அன்னக்கிளிக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டது. கூடையில் மீன் சுமந்து விற்பவள். எழுதப் படிக்கத் தெரியாது. பேங்கில் வரவு போட வேண்டுமென்றால் பாஸ் புத்தகத்தை வினோதாவிடம்தான் கொடுப்பாள். மீன்பிடித் தடைக்காலத்தில் அரசாங்கம் தரும் நிவாரணம் அந்தக் கணக்கில்தான் விழும். கடலுக்குப் போக முடியாத அந்த நாட்களில் அவள் வீட்டு அடுப்பு எரிவது அதில்தான்.

அன்று மத்தியானமும் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மூஞ்சி ஏன்டி வாடிக் கெடக்கு? புருஷோத்து வர்ற நேரத்துல இப்படியா இருப்ப? எதனா வேணும்னா கேளுடி" என்று சொல்லிப் போனாள்.

அவள் போனதும் செல்போன் அடித்தது. தணிகாசலம்!

"அடப்பாவி, எங்குடியக் கெடுத்தியே! என் கணக்க முடக்கிட்டாங்கடா!" என்று வினோதா கத்தினாள்.

அவன் பதறவே இல்லை. "தெரியும்கா. எனக்கும் மனசு கேக்கல. அதுக்குத்தான் கூப்புட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருதாச்சும் ஒரு கணக்கு நம்பர் குடுங்க. நாளைக்கே பணம் போடுறேன். டிக்கெட்டுக்கு வேண்டியத நீங்க எடுத்துக்கிட்டு மீதிய மட்டும் கட்டிடுங்க. மாமா மகத்துக்கு வந்துடுவாரு."

"அது சேலக்காரரு காசு. திருட்டுக் காசு."

"வடநாட்டுக்காரன் காசுக்கா. அவனுக்கு இது போனா இன்னொண்ணு. உங்களுக்கு மாமா வர்றது முக்கியமில்லியா?"

வினோதாவின் கண் தானாகவே அன்னக்கிளியின் பாஸ் புத்தகத்துக்குப் போனது. கேட்டால் அன்னக்கிளி மறுக்க மாட்டாள். கேட்கக்கூட வேண்டாம், புத்தகம் இதோ கையில் இருக்கிறது. நம்பரைப் படித்தால் போதும். வைத்திக்குப்பத்துக் கூட்டத்தில் புருஷோத்தமன் பக்கத்தில் நிற்கலாம். அவன் சட்டை வியர்வை வாசனைகூட மூக்கில் வந்துவிட்டது. அத்தனை ஆசை அவளுக்கு. சொல்லிவிடலாமா என்று நிஜமாகவே நினைத்தாள்.

புத்தகத்தைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் அன்னக்கிளியின் போட்டோ. போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு உதட்டை இறுக்கி நின்றிருந்தாள். கணக்கு முடங்கிப்போய், தடைக்காலத்தில் இதே முகம் பேங்குப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுவதை வினோதாவால் அப்படியே பார்க்க முடிந்தது. சூரத்திலும் ஒரு படிக்கட்டில் ஒரு சேலைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவரையும் அன்னக்கிளியையும் அழ வைக்கத் திருடனுக்குக் கருவி யார்? வினோதாதான்.

"அக்கா, நம்பர் சொல்லுங்க" என்றான் அவன்.

"தம்பி, ஊர நெனச்சி கண்ணு கலங்குதுன்னு சொன்னியே, அதக் கேட்டுத்தான் உன்ன நம்புனேன். ஏங்குறவங்க மனச வச்சிப் பொழைக்கிறியே, நீ நல்லாருப்பியா? என்னோட போவட்டும். இன்னொருத்தி வவுத்துல அடிக்க நான் நம்பர் தரமாட்டேன். வையிடா போன!"

அன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் பேசிய நம்பர்களையும் எழுதிக் கொடுத்தாள். பயந்த அளவுக்கு அங்கே யாரும் அவளைக் கடித்துத் தின்றுவிடவில்லை.

மறுநாள் காலை ஏலம் முடிந்து பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். "என்னாடி, புருஷோத்து என்னிக்கு வர்றான்?" என்று அன்னக்கிளி எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"வரல அன்னக்கிளி. டிக்கெட் கெடைக்கலன்னு சொன்னது பொய்யி" என்றாள் வினோதா. எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தங்களுக்கும் அப்படி ஒரு போன் வந்ததாகச் சொன்னார்கள்.

"இங்க ஒரு காசு கைமாறுனா, யாரு குடுத்தா, யாருக்குப் போவுதுன்னு நமக்கு மொகம் தெரியும். பேங்குல வர்ற காசுக்கு மொகம் தெரியாது. உங்களுது இல்லாத காசு வந்தா எவன் சொன்னாலும் எடுத்துக் கட்டாதீங்க. பேங்குல போய்ச் சொல்லுங்க, வந்த வழியில அவங்களே அனுப்பட்டும். உங்க கணக்கு நம்பர யாருக்கும் எரவல் குடுக்காதீங்க, நானே வந்து கேட்டாலும். ஏமாந்துட்டா என்னாட்டம் வெக்கப்பட்டு வாய மூடிக்கினு இருக்காதீங்க. நம்ம வெக்கந்தான் அவனுக்குத் துணை."

அன்னக்கிளி தன் பாஸ் புத்தகத்தை வினோதாவிடமிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு வினோதாவின் தோளை ஒரு தட்டு தட்டி, "மகத்துக்கு எங்கூட வா. தனியா நிக்காத" என்றாள்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடலோரத்தில் மயிலம் முருகன் முதல் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நின்றபோது, மேளச் சத்தத்துக்கு நடுவில் புருஷோத்தமன் போன் செய்தான். நடந்ததையெல்லாம் அவள் அவனிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

"வினோ, கேட்டா கோவப்படாத. அன்னக்கிளி நம்பரக் குடுத்திருந்தா இந்நேரம் நான் அங்க நின்னிருப்பேன் இல்ல?" என்று கேட்டான். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அவனுக்கும் ஏக்கம்.

ஒரு பக்கம் அன்னக்கிளி நின்றாள். வினோதா மறுபக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு மேளத்துக்கு மேலே கேட்கும்படிச் சொன்னாள்.

"நின்னிருப்பய்யா. ஆனா இன்னொருத்தி அழுத காசுல வந்து நின்னிருப்ப. எனக்கு நீ வேணும், அதுக்காக அடுத்தவங்க அடுப்ப அணைக்க முடியாது. கருவாடு காயுது, கடல் இருக்கு. லேட்டானாலும் நம்ம காசுல வா."