நானூற்றில் இரண்டு

உலக இசையின் தலைவிதி இனிப் பெரிய கம்பெனிகளின் கையில் இல்லை, வீட்டுக்கு வீடு பூட்டிய ஓர் அறையில்தான் எழுதப்படுகிறது என்று சுயேச்சை ஒலிப்பதிவு ஆர்வலர்களின் ஏழாவது மாநாட்டைத் தொடக்கிவைத்த தலைவர் முழங்கினார். முழக்கம் மூன்றாவது வரிசையோடு நின்றுவிட்டது. மைக் வேலை செய்யவில்லை. கூடியிருந்த தொண்ணூறு பேருக்கும் மைக்கைப் பற்றி ஆறு மணி நேரம் பேசத் தெரியும். கழன்றிருந்த ஒயரைச் செருகிவிட்டது, மண்டபத்தைப் பெருக்க வந்த அம்மாள்.

லிஃப்ட் மெக்கானிக் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய சகலை, டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். கார் அவருடையது என்பதால் வந்திருந்தாரே தவிர, இசைக்கும் அவருக்கும் வாய்க்கால் தகராறு கூடக் கிடையாது.

மெக்கானிக்குக் கவலையெல்லாம் வீட்டிலிருந்த சின்ன அறையைப் பற்றி. மூன்று வருடங்களுக்கு முன் அதன் சுவர்களிலும் கதவிலும் பழைய மெத்தைகளை ஆணியடித்து மாட்டி, உள்ளே நின்று ஒரே பாட்டை நாற்பத்தொரு தடவை பாடிப் பதிவு செய்திருந்தார். பாடும்போது ஃபேன் ஓடக்கூடாது, ஃபிரிட்ஜ் ஓடக்கூடாது, மனைவியும் மகளும் இருமக்கூடாது. இருமலையாவது அடக்கினார்கள், பால் மட்டும் அடிக்கடி திரிந்துபோனது. இந்த வருடம் மகளுக்குப் பொதுத் தேர்வு. மாநாட்டில் வெளியிடும் பாட்டுத் தொகுப்பில் இடம் கிடைத்தால் அறை உங்களுக்கு, வராவிட்டால் மெத்தையைக் கழற்றிவிட்டு மகளுக்கு மேஜை போடுவேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். வாய்ப்பேச்சோடு நிற்கிறவள் இல்லை அவள். மேஜைக்கு அளவெடுக்கத் தச்சரை மாநாட்டன்றைக்கே பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள்.

தொகுப்புக்குப் பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பவரை எல்லோரும் 'காது' என்பார்கள். இரண்டு இருந்தும் ஒருமைதான். கொசு பறந்தால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவாராம். கேட்கும்போது அவர் கண்ணை மூடுவார். அவர் மூடினால் மண்டபமே மூடும். மேஜையில் அவருடைய பழைய ஈக்வலைசர் பெட்டி இருந்தது. வெல்வெட் துணியில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தது. பாட்டு அதன் வழியாகப் போகும்போது குமிழைத் திருப்பினால் அடித்தொண்டையைக் கூட்டலாம், சீறலைக் குறைக்கலாம். அதற்குள் போய் வந்தால், பாட்டில் தூரத்தில் நின்றதெல்லாம் பக்கத்தில் வந்து நிற்கும் என்பது ஐதீகம்.

ஏழாவதாக மெக்கானிக்கின் பாட்டு ஒலித்தது. காது நெற்றியைச் சுருக்கினார்.

"குரல் மேல போர்வை போத்தின மாதிரி இருக்கு. நீங்களே வாங்க. நானூறுன்னு போட்டிருக்கிற குமிழ்ல ரெண்டு குறைங்க."

மெக்கானிக் மேடையேறி இரண்டு கோடு குறைத்தார். பாட்டு மறுபடி ஒலித்தது.

"இப்பதான் மூச்சு விடுது" என்றார் காது, கண்ணைத் திறக்காமல்.

தொண்ணூறு தலைகள் ஆடின. முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதுதான் மெக்கானிக் பெட்டியின் வலது ஓரத்தைப் பார்த்தார். அங்கே ஒரு சதுர ஸ்விட்ச். அதை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால்தான் பாட்டு பெட்டிக்குள் போகும். இல்லாவிட்டால் வெளியிலேயே சுற்றிக்கொண்டு போய்விடும், குமிழை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று பார்ப்பதுதான் அவர் இருபது வருடமாகச் செய்யும் பிழைப்பு. இது எரியவில்லை. அந்த ஸ்விட்சை யாரும் தொடவே இல்லை, அப்படியானால் காலையிலிருந்தே எரியவில்லை. அவருக்கு முன்னால் ஆறு பேரின் பாட்டும் இப்படித்தான் மூச்சு விட்டிருந்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மனைவி. 'தச்சர் வந்துட்டார். டேப்பை எடுத்துட்டார். என்ன சொல்ல?'

"சார், ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

"கூச்சப்படாதீங்க, சொல்லுங்க."

மண்டபம் அவரையே பார்த்தது.

"ரெண்டு போதுமா சார், இன்னும் ஒரு அரை குறைக்கட்டுமா?"

காது யோசித்தார். "கால் போதும்."

கால் குறைத்தார். மண்டபம் பெருமூச்சு விட்டது. தொகுப்பின் முதல் பாட்டே அதுதான் என்று அங்கேயே அறிவித்தார்கள். மேடையிலிருந்து இறங்கும்போதே மெக்கானிக் 'அவரை அனுப்பிடு' என்று பதில் போட்டார். 'சரி' என்று மட்டும் வந்தது. மகள் இனியும் சமையலறையில்தான் படிப்பாள்.

சாப்பாட்டு வேளையில் சகலை தட்டோடு ஒதுங்கி வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சகலை. எனக்கு முன்னாடி கேட்டதும் பின்னாடி கேட்டதும் ஒண்ணாத்தான் இருந்துச்சு."

அதற்கெல்லாம் வருடக்கணக்கில் காதைப் பழக்க வேண்டும் என்று மெக்கானிக் பரிவோடு எடுத்துச் சொன்னார். சகலைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வண்டி பழகுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை காலம் ஹாரன் சத்தம் கேட்டதில் காது போய்விட்டதோ என்று, எந்த டாக்டரிடம் காட்டலாம் என விசாரித்தார். மெக்கானிக் ஒரு டாக்டரின் பெயரையும் சொன்னார்.

தாமதமாக வந்தவர்கள் கேட்டுக்கொண்டதால் மதியம் அவருக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்கினார்கள். தலைப்பு: 'நானூறு: ஒரு செயல்முறை விளக்கம்'. இப்போதாவது ஸ்விட்சை அழுத்தலாம் என்றால், பாட்டு நிஜமாகவே மாறும். அப்போது காலையில் கேட்டது என்ன என்ற கேள்வி வரும். அவர் தன் பெயர் அட்டையை விளக்குக்கு முன்னால் நிறுத்தி வைத்துவிட்டு, குரல் என்பது என்ன, போர்வை என்பது என்ன என்று விளக்கினார். சந்தேகங்களுக்குப் பதில் சொன்னார். குமிழை மூன்று தடவை திருப்பிக் காட்டினார்.

மூன்றாவது தடவை அவருக்கும் வித்தியாசம் கேட்டது.