அழிக்காமல் விட்ட வரிகள்

ஸ்கூடாயில் இருக்கும் அமலநாதன், ஜோகூர் மாநிலத் தமிழ்த் தேவாலயப் பாடகர்களுக்காக ஒரு மின்னஞ்சல் குழு நடத்திவந்தார். பாட்டுத் தாள், பயிற்சி நேரம், மரண அறிவிப்பு எல்லாம் அதில்தான் வரும். பதில் எழுதும்போது தேவையான வரியை மட்டும் மேற்கோளாக வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள், யாருக்குப் போகிறது என்று பார்த்து அனுப்புங்கள் என்று அடிக்கடி எழுதுவார். "அண்ணன் ஆரம்பிச்சிட்டாரு லா" என்று சிரிப்பார்களே தவிர, யாரும் அதன்படி செய்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பெக்கான் நானாஸிலிருந்து பிரேமலா குழுவுக்கு எழுதியிருந்தாள். அடுத்த பயிற்சி எப்போது என்ற ஒற்றை வரிக் கேள்வி. ஆனால் புதிதாக எழுதாமல், தனக்கு வந்திருந்த ஒரு மின்னஞ்சலுக்கே பதில் போட்டு, குழுவின் முகவரியை அதில் சேர்த்திருந்தாள். அமலநாதன் எரிச்சலோடு திரையைக் கீழே தள்ளினார். கேள்விக்கு அடியில், ரூபினி பிரேமலாவுக்குத் தனியாக எழுதியது அப்படியே கிடந்தது. மூவாரில் ரூபினி புதிதாக எடுத்திருக்கும் வாடகை வீட்டின் எண், தெருவின் பெயர், கடைசியாக ஓர் அழைப்பு.

கணவன் கென்னத்தின் அடி தாங்காமல், நெருங்கிய ஓரிருவரைத் தவிர யாருக்கும் சொல்லாமல் ஊர் மாறியவள் ரூபினி. கென்னத்தும் ஒரு காலத்தில் இதே குழுவில் பாடியவன்தான். அவன் எழுதி வெகுகாலமாகியிருந்ததால், அவன் பெயர் இன்னும் உறுப்பினர்களிடையே இருப்பது அமலநாதனுக்கு நினைவில்லை.

நினைவுக்கு வந்தபோது கென்னத்தின் பதிலும் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய மின்னஞ்சலில் ஒரே ஒரு வரியைத்தான் அவன் மேற்கோளாக வைத்திருந்தான். மற்ற எல்லாம் சுத்தமாக அழிக்கப்பட்டிருந்தன.

> சனிக்கிழமை வீட்லதான் இருப்பேன், வாங்க.

அதன் கீழே: "வர்றேன்."

அமலநாதன் உடனே போனை எடுத்தார். ரூபினியைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் அவள் குரல் கேட்டது.

"சொல்லுங்கண்ணே. துணி துவைச்சிக்கிட்டு இருந்தேன்."

"ரூபினி, வீட்ட விட்டு உடனே கிளம்பு. கென்னத்துக்கு உன் அட்ரஸ் தெரிஞ்சிருச்சு."

மறுமுனையில் அவள் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"யாருண்ணே கொடுத்தா?"

"அப்புறம் சொல்றேன்மா. முதல்ல கிளம்பு."

அவள் திரைச்சீலையை விலக்கியிருக்க வேண்டும். குரல் தாழ்ந்துவிட்டது.

"அண்ணே, அவரு கார் வாசல்ல நிக்குது. உள்ள உட்கார்ந்து இந்த ஜன்னலத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு."

"பின்வாசல் இருக்கா?"

"இருக்கு."

"செருப்புகூடத் தேடாத. போ."

பின்சந்து வழியாக ஓடி, அடுத்த தெருவிலிருந்த சீனர் கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரப் பெண் எதுவும் கேட்காமல் இரும்புக் கதவை இழுத்துவிட்டு, போலீசைக் கூப்பிட்டாள்.

போலீஸ் வந்தபோதும் கென்னத் காரிலேயே இருந்தான். கதவைத் தட்டியிருக்கவில்லை, குரலை உயர்த்தியிருக்கவில்லை. ரூபினி முன்பு அவனுக்கு எதிராக நீதிமன்றத்தில் வாங்கியிருந்த பாதுகாப்பு உத்தரவும் காலாவதியாகியிருந்தது. அவன் அமைதியாகப் போனை நீட்டிக் காட்டினான்.

"கூப்பிட்டாங்க, வந்தேன். குரூப்ல எல்லாருக்கும்தானே போட்டிருக்காங்க?"

பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் குறித்துக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலையே ரூபினி மூவாரை விட்டுப் போனாள். அமலநாதன் கென்னத்தைக் குழுவிலிருந்து நீக்கினார். சில நாட்களில் புதிதாக ஒருவர் சேர அனுமதி கேட்டார். ஸ்கூடாய்க்காரராம், நன்றாகப் பாடுவாராம். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. அமலநாதன் மறுத்தார். அடுத்த வாரம் இன்னொரு பெயரில், ஒரு சொல்லும் மாறாமல், அதே வேண்டுகோள் வந்தது. அமலநாதன் குழுவையே மூடிவிட்டார்.

பிரேமலா அழுதுகொண்டே போன் செய்தாள். "அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்ணே. இப்ப எங்க இருக்கா?"

"தெரியாதும்மா" என்றார் அவர். அது உண்மைதான். போகும் இடத்தைத் தன்னிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று ரூபினியிடம் கேட்டுக்கொண்டவரே அவர்தான்.