பழைய ரயில் மேட்டில் இரண்டு சைக்கிள்கள்

அமெரிக்காவிலிருந்து மூன்று வார லீவில் வந்திருந்த முரளிதரனுக்கு ஓர் ஆசை. அங்கே கைவிட்ட ரயில் பாதைகளைச் சமன்செய்து சைக்கிள் விட வைத்திருக்கிறார்களாம். சனிக்கிழமையானால் அவன் அதில்தான் கிடப்பானாம். சித்தூர் பக்கம் அகலப் பாதை வந்தபோது தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்ட மீட்டர் கேஜ் மேடு சும்மாதானே கிடக்கிறது, பன்னிரண்டு கிலோமீட்டர் போகலாம் வா என்று, நிச்சயித்த பெண் கீர்த்தியைக் கூப்பிட்டான்.

கீர்த்தி உடனே தலையாட்டினாள். திருப்பதியில் ஒரு கல்லூரியில் அவளுக்கு விரிவுரையாளர் வேலை வந்து நான்கு நாளாகிறது. தாலி ஏறிய கையோடு விமானம் ஏற முடியாது, இரண்டு வருஷம் வேண்டும் என்று அவனிடம் சொல்லியாக வேண்டும். இன்று மாலை கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. வீட்டில் தனியாகப் பேச எங்கே விட்டார்கள்?

ரயில் மேட்டிலும் விடவில்லை. அது ஊர்களின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டே போனது. கொல்லைக்குக் கொல்லை முரளிக்கு ஓர் உறவு இருந்தது. நிச்சயமான பெண் முதல்முறை வந்தால் வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. முதல் வீட்டில் தேங்காயும் வெற்றிலையும். அடுத்த வீட்டில் ரவிக்கைத் துணியும் ஒரு தார் வாழையும். மூன்றாவது வீட்டில் அவன் அத்தை செங்கம்மா அரைச் சாக்கு மாம்பழத்தையே இழுத்துவந்தாள்.

"அத்த, இத்த சைக்கிள்ல எப்டி எத்துக்கினு போறது?"

"தள்ளிக்கினு போடா. பொண்ணு ரெண்டு தோச துன்னுட்டு வரட்டும்."

நாலு கிலோமீட்டர்கூட ஆகவில்லை. கேரியர் பாரத்தில் முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பியது. ஏறி ஓட்ட வழியில்லாமல் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்தவர்கள் இப்போது பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். மாந்தோப்பைத் தாண்டியதும் கீர்த்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

முரளி சரிந்த மாம்பழச் சாக்கை நிமிர்த்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"அப்ப வேல வரல. வந்தப்புறம் வுட மனசு வரல."

"ரெண்டு வருசம் நானே சமச்சித் துன்னணும்."

"துன்னுங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருத்தமில்லை என்று பொய் சொல்லமாட்டேன் என்றான். கல்யாணம் சொன்ன தேதியில் நடக்கட்டும் என்றும், லீவு கிடைக்கிறபோதெல்லாம் தானே வருவதாகவும் சொன்னான்.

"உங்க நைனா ஒத்துக்குவாரா?" அவன் அப்பாவை நினைத்துக் கேட்டாள்.

"கத்துவாரு. நீயே சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்."

கீர்த்தி நடையை எட்டிப் போட்டாள். பத்திரிகையை வாங்கிப்போக அச்சகத்துக்காரர் வருவதற்குள் அவன் வீடு போய்ச் சேர்ந்து சொல்லிவிட வேண்டும்.