ஆடிக்கு வந்த பெர்செபொனி

வந்த கோபத்தில் குடையைக்கூட மடக்காமல் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தாள் ஞானபாக்கியம் டீச்சர். பின்னே? பள்ளிப் பிள்ளைகளுக்காக இரண்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கிரேக்கக் கதைகளைத் தமிழில் எழுதியிருக்கிறாள். கடைசிக் கதையின் முடிவை மாற்றினால்தான் அச்சடிப்பேன் என்று முதலாளி வல்லிநாயகம் ஆள்விட்டுச் சொல்கிறார்! தென்காசியில் அவளுக்கு வேறு அச்சுக்கூடம் கிடையாது.

கதை இதுதான். பயிர்பச்சைக்கெல்லாம் தாயான டிமீட்டரின் மகள் பெர்செபொனியைப் பாதாளராஜன் தூக்கிப்போய்க் கட்டிக்கொண்டான். மகள் வரும்வரை ஒரு புல்லும் முளைக்காது என்று தாய் உட்கார்ந்துவிட்டாள். உலகமே பட்டினி. கடைசியில் தேவர்கள் இறங்கிவந்து, வருஷத்தில் பாதி நாள் மகள் தாய்வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியட்டுமே என்று, 'தாய் மகளை ஆடிக்கு அழைத்துவந்தாள். சாரல் விழுந்தது' என்று டீச்சர் எழுதிவிட்டாள். வினை அங்கேதான் பிடித்தது.

"கிரேக்க தேசத்துல ஏது டீச்சர் ஆடி?" என்றார் வல்லிநாயகம். "கட்டிக்குடுத்தவ புருசன் வீட்லயே இருந்தான்னு முடிச்சிருங்க. அதுதான் மரியாத."

"ஒரு எழுத்தக்கூட மாத்தமாட்டேன் அண்ணாச்சி. நீங்க அடிக்காட்டா கையாலயே எழுதிப் பிள்ளைகளுக்குக் குடுப்பேன். தாளத் தாங்க."

அவருக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்று ஊருக்கே தெரியும். தையில் சிவகிரிக்குக் கட்டிக்கொடுத்த மகள் வடிவை இந்த ஆடிக்கு அவர் அழைக்கவில்லை. மறுவீட்டு விருந்தில் தன்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்த சம்பந்தியின் வாசலை மிதிப்பதில்லை என்று சபதமாம். அடேயப்பா, என்ன வீறாப்பு! அங்கே அந்தப் பெண் வழியைப் பார்த்துப் பார்த்து ஏங்கிக் கிடக்கிறது.

டீச்சர் தாள்களை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பின்கட்டிலிருந்து அவர் மனைவி ஆவுடையம்மாள் வந்து நின்றாள். பேச்சு முழுக்க அவள் காதில் விழுந்திருக்கிறது.

"டீச்சர், மக வாறமட்டும் அந்த அம்மா உலகத்தையே பட்டினி போட்டாளா?"

"ஆமாக்கா."

"அவ தெய்வம்லா, முடிஞ்சிது. எனக்கு இந்த ஒரு வீடு போதும்." கணவர் பக்கம் திரும்பினாள். "இந்தாரும், அடுப்புல தண்ணிய ஊத்திட்டுத்தான் வாறேன். வடிவு இந்தப் படி மிதிக்குமட்டும் இங்கன உலை கொதிக்காது. எனக்கும் கிடையாது, உமக்கும் கிடையாது."

"ஏட்டி, கிறுக்கா உனக்கு?"

அவள் அசையவில்லை. அவள் கண்ணில் பொட்டு நீர் இல்லை. வல்லிநாயகம் மனைவியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கடைசியில் தாள்களை வெடுக்கென்று பிடுங்கினார்.

"ஆடின்னே இருந்துட்டுப் போவுது. அடிக்கேன்." வண்டிக்காரனைக் கூப்பிட்டார். "ஏலே சொரிமுத்து! சிவகிரிக்கு வண்டியப் பூட்டுலே." பிறகு குரல் இறங்கியது. "போயிட்டு வர ரெண்டு நாளாவும்ட்டி. ஒருவாய் சாப்ட்டுட்டுப் போறேனே."

"மகளோட வந்து சாப்பிடும்" என்றாள் ஆவுடையம்மாள்.