மதர் வேஷம்

உதட்டில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு மணிவண்ணனின் தலையில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள் தனம். தாடியை மழித்துவிட்டு வந்தவன் மீசையை மட்டும் எடுக்கவில்லை. மீசையோடு ஒரு கன்னியாஸ்திரீ வந்து நின்றால்தான் ஜனம் சிரிக்கும் என்று சொல்லிவிட்டான். அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த சின்ன அரங்கம் அது. மின்விசிறி சத்தத்தையும் மீறி நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டது.

"தலைய ஆட்டாத தம்பி, காதுல குத்திடும்" என்றாள் தனம்.

கடலூரில் சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் பள்ளியில் அவன் கம்ப்யூட்டர் ஆசிரியன். அவள் அதே பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. அங்கே அவன் 'சார்'. நாடகக் குழுவில் 'தம்பி'. சாப்பிட அடம்பிடித்த பிள்ளைக்காக ஒருநாள் அவள் கரடியாகவும் போலீஸ்காரராகவும் மாறி மாறிப் பேசியதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத்தான் அவளை நடிக்கக் கூப்பிட்டான். தேவனாம்பட்டினத்தில் அவள் தெருவில் யாருக்கும் இது தெரியாது. மகள் பூஜாவுக்கு மட்டும் தெரியும்.

நாடகத்தின் பெயர் 'மடத்துக்குள்ள மன்னாரு'. போலீசுக்குப் பயந்து ஒரு திருடன் கன்னியர் மடத்துக்குள் புகுந்து அங்கி மாட்டிக்கொள்கிறான். பழைய சினிமாக்களில் வரும் சிஸ்டர்களைப் போலவே அந்த மடத்தில் எல்லோரும் ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்து அழுகிறார்கள். யார் எதைச் சொன்னாலும் மணி அடிக்கிறது. காதல் கைகூடாத பெண் ஒருத்தி வாரம் தவறாமல் வந்து மடத்தில் சேருகிறாள். இவர்களையெல்லாம் கட்டி மேய்க்கும் மதராகத் தனம் நடித்தாள்.

கூட்டம் எவ்வளவு என்று பார்க்கத் திரையை ஒதுக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டாவது வரிசையில் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் அமலா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பள்ளி மேனேஜர் ராபர்ட்.

"தம்பி, ஹெட் சிஸ்டர் வந்துருக்காங்க."

மணிவண்ணன் எட்டிப் பார்த்தான். "பாஸ் குடுத்து வெச்சேங்க்கா. நெசமாவே வருவாங்கன்னு நெனைக்கல."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நான் நடிக்கிறது அவுங்களுக்குத் தெரியாதே."

"காமெடிதானக்கா? ஒண்ணும் ஆவாது."

"உங்களுக்கு ஆவாது சார்." தன்னையறியாமல் 'சார்' வந்துவிட்டது. "நான் ஏஜென்சி ஆளு. ஒரு போன் போட்டா நின்னுக்கோன்னுடுவாங்க. எம் பொண்ணும் அங்கதான் படிக்குது. ஆயா பொண்ணுன்னுதான் அதுக்குப் பாதி பீஸு."

வெளியே நாடகம் தொடங்கும் மணி அடித்துவிட்டது.

சிஸ்டருக்குத் தன்னை அடையாளம் தெரிந்துவிடக் கூடாதென்று மேடையில் தனம் தலை நிமிராமல் நடந்தாள். குரலை மாற்றி, மூக்கால் பேசினாள். முகத்தைச் சிஸ்டர் இருந்த பக்கம் திருப்பவே இல்லை. சிரிப்பு வரவேண்டிய இடங்களில் யாரோ இருமினார்கள். மணிவண்ணன் மீசைக்கு மேல் துணியை இழுத்து இழுத்துவிட்டும் ஒன்றும் எடுபடவில்லை. நாடகம் படுத்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. ஜன்னலோரம் மூன்று சிஸ்டர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அடுத்து அவள் 'மகளே' என்று உருக வேண்டும். அந்த வார்த்தை மறந்துபோனது. வசனம் தெரியாமல் நின்றவளின் வாயிலிருந்து அவளுடைய சொந்தக் குரல் வெடித்தது.

"ஜன்னல்ல நின்னு அழுதது போதும்டி! அடுப்புல பாலு பொங்குது, எவ எறக்குறது?"

அரங்கம் அதிர்ந்தது. அழுதுகொண்டிருந்த மூவரும் நிஜமாகவே சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தனம் எதையும் யோசிக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, கைகளை அங்கிக்குள் செருகிக்கொண்டு, சத்தமே இல்லாமல் வந்து ஒவ்வொருத்தி முதுகுக்குப் பின்னாலும் நின்றாள். அந்த நடையைப் பார்த்தே ஜனம் கைதட்டியது. ஒருமுறை துணிந்து இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். சிஸ்டர் அமலா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. ராபர்ட் சிரிக்கவில்லை. செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

நாடகம் முடிந்ததும் சிஸ்டர் உள்ளேயே வந்துவிட்டார். "தனம்! நம்ம தனமா இது? நடக்கறப்ப என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு."

"மன்னிச்சிடுங்க சிஸ்டர். வேணும்னு செய்யல."

"எதுக்கு மன்னிப்பு? இப்படிச் சிரிச்சு எவ்வளவோ நாளாச்சு" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கடலூர் பஸ்ஸில் தனத்துக்கு உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சிஸ்டரின் சிரித்த முகத்தை நினைக்க நினைக்க மனசு லேசானது. பரங்கிப்பேட்டை தாண்டும்போது ராபர்ட்டின் செல்போன் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரமே ஒன்றும் நடக்கவில்லை. ஆபீஸ் ரூம் பக்கம் போக நேர்ந்தால் சுற்றிக்கொண்டு போனாள். போன் அடித்தால் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். கடைசியில் ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள். "நாளையிலருந்து நீ போவேணாம்மா. அவுங்க வேற ஆள் கேட்டுட்டாங்க" என்றது ஒரு பெண் குரல். காரணம் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

தனம் நேராகச் சிஸ்டரின் அறைக்குப் போனாள். சிஸ்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடினார்.

"ராபர்ட் எடுத்த வீடியோ பேரன்ட்ஸ் குரூப்புல போயிடுச்சு தனம். ஆயா வேலை பாக்கறவ சிஸ்டர்ங்களக் கேலி பண்றான்னு பெருசா பேசிட்டாங்க. நானும் சிரிச்சேன்னு சொன்னேன். யாரும் காதுல வாங்கல."

"எழுதினது மணிவண்ணன் சாருங்களே சிஸ்டர். அவுரும்தான் அங்கி போட்டுக்கினு நின்னாரு."

"அவர் பர்மனென்ட் ஸ்டாஃப்மா." சொல்லிவிட்டுச் சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "உன் வேலை ஏஜென்சி கையில இருக்கு. என் கையில இல்ல."

"பூஜாவோட பீஸு, சிஸ்டர்?"

"இந்த வருசம் முடியட்டும். அப்புறம் பாக்கலாம்."

மணிவண்ணன் அன்று சாயங்காலம் போனில், தான் ஸ்கூலில் கண்டிப்பாகப் பேசுவதாகச் சொன்னான். மறுநாளும் சொன்னான். பிறகு அவனிடமிருந்து போன் வரவில்லை.

தனம் முதுநகர் துறைமுகத்தில் மீன் வெட்டித் தரும் பெண்களோடு போய் உட்கார்ந்தாள். பழகாத கை. சங்கரா மீனின் முள் ஏறி விரல்கள் வீங்கின. ஸ்கூலில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று தினமும் பூஜாவைக் கேட்டாள். "ஒண்ணும் சொல்லலம்மா" என்று அவள் புத்தகத்தைப் பார்த்தபடியே சொல்லுவாள். அது நிஜமா என்று தனத்துக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்தபோது மணிவண்ணன் கூப்பிட்டான்.

"அக்கா, ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நம்ம நாடகத்தப் போடறோம். ஹெட் சிஸ்டருக்கு ஆசை. டீச்சருங்கதான் நடிக்கிறாங்க. அதனால பேரன்ட்ஸும் ஒண்ணும் சொல்லல. ப்ரீத்தி மிஸ் மதர். எல்லாம் வந்துடுச்சு, அந்த நடைதான் வரல. ஒரு நாள் வந்து சொல்லிக் குடுங்களேன்."

தனத்துக்குக் கோபம் பொங்கியது. கூடவே பூஜாவின் முகமும், அடுத்த வருசத்துப் பீஸும் வந்து நின்றன. "ஹெட் சிஸ்டர் அங்க இருப்பாங்களா சார்?" என்று கேட்டாள்.

"வருவாங்க. பொண்ணு பீஸ் விசயமா நீங்களும் அவுங்கள ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போனாள். வாட்ச்மேன் அவளைப் பார்த்துச் சிரித்தான். ஆனாலும் பெயர் எழுதி வாங்கிக்கொண்டு, 'விசிட்டர்' அட்டையை அவள் கழுத்தில் மாட்டித்தான் உள்ளே விட்டான்.

ஹாலில் ப்ரீத்தி மிஸ் புது அங்கியோடு நின்றிருந்தாள். இளம் டீச்சர், நல்ல மாதிரி. "எனக்கு வரவே மாட்டேங்குதுக்கா" என்று கையைப் பிசைந்தாள்.

"குதிகால ஊனாதீங்க மிஸ். முதுகு அசையவே கூடாது. பின்னால வந்து நிக்கறது அவுங்களுக்குத் தெரியக் கூடாது." தனம் ஒருமுறை நடந்து காட்டினாள். மணிவண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். மேடையோரம் நின்ற டீச்சர்களும் சிரித்தார்கள். தனம் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிஸ்டர் அமலா இன்னும் வரவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. வராந்தாவில் யூகேஜி பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். அதிலிருந்து ஒரு குட்டிப் பெண் பிரிந்து ஹாலுக்குள் ஓடிவந்து தனத்தின் புடவையைப் பிடித்தது.

"ஆயாம்மா, ஒண்ணுக்கு!"

தனம் சட்டென்று குனிந்து அதன் கையைப் பிடித்தாள்.

"தனம்." வாசலில் ராபர்ட் நின்றிருந்தார். "விசிட்டர்ஸ் பிள்ளைங்களத் தொடக் கூடாது. ரூல்ஸ் உனக்குத் தெரியாதா? புது ஆயா வருவாங்க, விடு."

தனம் கையை விட்டாள். "இதோ வந்துடுவாங்க கண்ணு. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றாள். பிள்ளை கால்களைப் பின்னிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தது. வராந்தாவில் யாரும் வரவில்லை.

"அக்கா, இப்ப பாருங்க, சரியா வருதா?" என்று மேடையிலிருந்து ப்ரீத்தி மிஸ் கேட்டாள்.

பிள்ளையின் வெள்ளை சாக்ஸ் நனைந்து, தரையில் ஈரம் மெதுவாகப் பரவியது.