சக்ரவர்த்தியின் முழங்கால்

என் தங்கை வத்ஸலாவின் கணவர் சக்ரவர்த்தி, சின்னக் காஞ்சிபுரத்தில் சீபாதம் தாங்குகிறவர். அதாவது புறப்பாட்டில் பெருமாளைத் தோளில் சுமப்பவர். முழங்காலில் குருத்தெலும்பு ஓரிடத்தில் பிய்ந்துபோய், இரண்டு வருஷமாக வீட்டோடு கிடந்தார். சோறில்லாமல்கூட இருப்பார், பெருமாளைச் சுமக்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

2004இல் சென்னையில் ஒரு டாக்டர், அவர் முழங்காலிலிருந்தே கொஞ்சம் குருத்தெலும்புச் செல்களை எடுத்து, லேபில் வளர்த்து, அந்தப் பள்ளத்தில் திரும்ப வைத்தார். ஸ்டெம் செல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெருவெல்லாம் பேச்சு. நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவன், எனக்குப் பொறுக்குமா? ஸ்டெம் செல் என்பது இன்னும் எதுவாகவும் ஆகாதது, பல விதமாக மாறக்கூடியது. இது ஏற்கெனவே குருத்தெலும்பாகிவிட்ட செல் என்று வாசலுக்கு வாசல் பாடம் எடுத்தேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செல் ஒட்டிப் பிடிக்கும்வரை, ஒன்றரை மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நடுவில் வைகாசி உற்சவம் வந்தது. மனுஷர் முகம் வாடிப்போனது. வத்ஸலாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் மற்ற சீபாதம் தாங்கிகளிடம் போய், பெருமாளை எங்கள் வாசலில் கொஞ்சம் நிறுத்துங்கள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே சேவித்துக்கொள்வார் என்று கேட்டுக்கொண்டாள். கூட்டாளிக்காக அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

பெருமாள் வந்தார், வாசலில் நின்றார். பெருமாள் எதிரே நிற்கும்போது இந்த மனுஷர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று எங்களில் ஒருத்தருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. நான் தோளைப் பிடிப்பதற்குள் இரண்டு காலையும் ஊன்றி எழுந்து கைகூப்பிவிட்டார். அடுத்த கணம் மடங்கி விழுந்தார்.

வைத்த செல் பெயர்ந்துவிட்டது என்றார் டாக்டர். மறுபடி எடுக்க நல்ல குருத்தெலும்பு மிச்சமில்லையாம். வெட்கத்தை விட்டு, ஸ்டெம் செல்லில் ஏதாவது வழி உண்டா என்று நானே கேட்டேன். அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்றார். இனி சக்ரவர்த்தி பெருமாளைச் சுமக்கப்போவதில்லை.

திரும்பும்போது வேனில் வத்ஸலா அழுதுகொண்டே வந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குடி அழற? என்னால வர முடியலேன்னு, யாரும் கூப்பிடாம அவரே நம்மாத்து வாசல்ல வந்து நின்னார். இந்தக் கால் போனா போறது."

வத்ஸலா என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.