பூட்டிப் போட்ட குறிப்பு

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஒரு கம்பெனியின் பழைய கணினிப் பதிவுகளை ஒதுக்கிவைக்கும் வேலை பார்க்கும் என் அக்கா, துணி மடித்துக்கொண்டே சொன்னது. எழுதித் தொலைக்காதே என்றும் சொன்னாள். தம்பி எழுத்தாளனாக இருந்தால் வேறென்ன நடக்கும்?

முதலில் இப்படித் தொடங்கினேன்: கிடங்கின் இரும்புக் கதவு கிறீச்சிட்டபோது அவள்… வேண்டாம். கதவுக்கு இதில் வேலையே இல்லை.

2

முடிந்துபோன பில், கடிதம், ஊழியர் பற்றிய குறிப்பு எல்லாவற்றையும் தினசரி ஓடும் மென்பொருளிலிருந்து எடுத்து, பின்னால் இருக்கும் சேமிப்பகத்துக்கு அனுப்புவதுதான் அக்காவின் வேலை. அங்கே போனால் போனதுதான். படிக்கலாம், பத்து வருடத்துக்கு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது, முதலாளியே வந்து நின்றாலும். (யாரும் தில்லுமுல்லு செய்யக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதுதான் வயிற்றெரிச்சல்.) அதனால் எதையும் மூன்று மாதம் ஆறப்போட்டுத்தான் அனுப்புவார்கள்.

அந்த மாதம் இடம் நிரம்பி, மென்பொருள் நொண்டியடித்தது. எல்லோரும் அக்காவைப் பிடுங்கி எடுத்தார்கள். அவள் அந்த மூன்று மாதக் காத்திருப்பைப் பூஜ்யமாக்கி, 'முடிந்தது' என்றிருந்த அத்தனையையும் தள்ளிவிட்டாள். மென்பொருள் பறந்தது. பாராட்டினார்கள்.

3

தள்ளியதில், கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றி மேலாளர் கோபத்தில் எழுதி அன்றே 'முடிந்தது' என்று குறித்துவைத்த குறிப்பும் இருந்தது: சரக்கு குறைகிறது, இவர் எடுத்திருக்கலாம். அடுத்த வாரமே சரக்கு வேறொரு அடுக்கில் கிடைத்தது. மேலாளர் மன்னிப்புக் கேட்டு, குறிப்பை நீக்கச் சொன்னார். முடியவில்லை. பக்கத்தில் ஒரு விளக்கம் வைக்க மட்டுமே முடிந்தது.

(இங்கே அந்தப் பெண்ணை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் அழுததாக அக்கா சொல்லவில்லை. அழுதது அக்காதான்.)

4

சில வருடங்கள் கழித்து அந்தப் பெண் மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பித்தார். தேர்வுக்குழு பழைய கோப்பு முழுவதையும் கேட்கும்.

முடிவு அ: கோப்பு கிடைக்கவில்லை என்று அக்கா சொல்லிவிடுகிறாள். எனக்குப் பிடித்த முடிவு. அக்காவுக்குப் பொய் வராது.

முடிவு ஆ: விளக்கத்தைப் படித்துக் குழு பெரிய மனது பண்ணுகிறது. எந்த ஊர்க் குழு என்று நீங்களே கேட்பீர்கள்.

நடந்தது: அவர் அக்காவின் மேஜைக்கு வந்து, அந்தக் குறிப்பை எத்தனை பேர் படிப்பார்கள் என்று விசாரித்தார். ஐந்து பேர் என்றாள் அக்கா.

"அதுல ரெண்டு பேர் என்கூட உக்காந்து சாப்பிடுறவங்க மேடம். விளக்கத்தையும் படிப்பாங்க, சரி. ஆனா நாளைக்கு நான் பக்கத்துல போய் உக்காரும்போது கைப்பையை அந்தப் பக்கம் நகத்தி வச்சாங்கன்னா? வேணாம். என் விண்ணப்பத்த எடுத்துடுங்க."

எடுத்தாள். அது இன்னும் சேமிப்பகத்துக்குப் போகாமல் மென்பொருளில்தான் இருந்தது. ஒரு சொடுக்கில் அழிந்துவிட்டது.

5

நான் அவருக்குப் பதவி கொடுத்து ஒரு முடிவு எழுதி, அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க நாளைக்கும் அதே கிடங்குக்குத்தானே போகணும்? நான் அந்த மூணு மாசத்த அப்படியே விட்டிருக்கலாம்டா."

அந்த முடிவைக் கிழித்துவிட்டேன். இதை எழுதி முடிக்கும்போதுதான் உறைக்கிறது: அந்தக் குறிப்பை ஐந்து பேர் படிக்கக் கூடாது என்றுதான் அவர் பதவியையே விட்டார். நான் அதை உங்கள் எல்லோரிடமும் கொடுத்துவிட்டேன். இனி முடிவை நீங்கள் எழுதுங்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். நான் கேட்கவில்லை.